இத்தா நாட்களில் துளிர்த்த முல்லை



பூச்செடிகளைப் பற்றி நான் எழுதுவேன் என்று என்னை அறிந்தவர்கள் எவரும் நினைத்திருக்க மாட்டார்கள். தென்காசியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் முப்பது ஆண்டுகளாகப் பூக்கள் பூக்கின்றன. ஆயினும், அவற்றுள் எது மல்லிகை, எது முல்லை, எது பிச்சி என்று நாற்பத்திரண்டு வயது வரை எனக்குத் தெரியாது. வெள்ளையாக இருந்து மணமும் வீசினால் எனக்கு எல்லாமே மல்லிகைதான். அந்த வேறுபாடுகளைக் கற்றுக்கொண்டது என் உம்மா இத்தாவில் இருந்த நாட்களில். அந்நாட்களைப் பற்றித்தான் இக்கட்டுரை.

கொல்லையில் இருந்தவை வாப்பாவின் செடிகள். ஜவுளிக்கடையில் வேலை பார்த்த அவர்கள் ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்ததும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு நேரே கொல்லைக்குத்தான் போவார்கள். வெயில் ஏறுவதற்கு முன் மொட்டுகளைப் பறித்து, ஈரத்துணியில் பொதிந்து சமையற்கட்டின் மாடத்தில் வைத்துவிட்டுக் கடைக்குப் புறப்படுவார்கள். அஸருக்குப் பின் உம்மா வாழைநாரில் தொடுப்பார்கள். தம் தலைக்கு ஒரு முழம், மீதியெல்லாம் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு. இருவரும் அதைப் பற்றி ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை. ஈரத்துணி மாடத்தில் இருக்கும். மாலையில் பூ உம்மாவின் தலையில் இருக்கும். அவ்வளவுதான்.

2023 ஜனவரியின் இரண்டாம் வாரத்தில் வாப்பா வஃபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஒரு நாள் இரவு நெஞ்சு வலிக்கிறது என்றார்கள், விடிவதற்குள் முடிந்துவிட்டது. உம்மா இத்தாவில் அமர்ந்தார்கள்.

இத்தாவின் காலம் நாம் அறிந்ததே: பிறைக் கணக்கில் நான்கு மாதமும் பத்து நாளும். அந்நாட்களில் கணவனை இழந்த பெண் அலங்காரத்தையும் நறுமணத்தையும் தவிர்த்துக்கொள்ள வேண்டும்; தேவையின்றி வீட்டை விட்டு வெளியேறாதிருக்க வேண்டும். இத்துடன் நம் ஊர் வழக்கங்களும் எங்கிருந்தோ வந்து சேர்ந்துகொள்கின்றன. வெயில் முகத்தில் படக்கூடாது என்றார் ஒருவர். வானத்தைப் பார்க்கக்கூடாது என்றார் இன்னொருவர். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டபோது, வீட்டுக் கொல்லைக்கு வருவதற்கும் காற்று வாங்குவதற்கும் எந்தத் தடையும் இல்லை என்று தெளிவாகச் சொன்னார்கள். என்றாலும் முதல் சில வாரங்கள் உம்மா படியிறங்கவில்லை. தடையினால் அன்று, மனத்தின் களைப்பினால்.

நான் ஒரு முட்டாள்தனம் செய்ய இருந்தேன். இந்தச் செடிகள் இனி உம்மாவின் கண்ணில் படுவது வேதனையல்லவா? பூக்கும் காலம் வந்தால் மணம் அறைக்குள் வரும், சூடிக்கொள்ள முடியாது. இனி ஒருபோதும் சூடப்போவதும் இல்லை. அப்படித்தான் நான் எண்ணினேன். அவற்றை வேரோடு எடுத்துவிட்டுச் சிமெண்டுத் தளம் போட்டுவிடலாம் என்று முடிவு செய்து, ஜனவரியின் கடைசி வாரத்தில் உம்மாவிடம் சொன்னேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

உம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்கள்: "முல்லைய வெட்டியாச்சா?"

"எதை, உம்மா?"

"கார்த்திகையில மல்லி, மார்கழியில பிச்சி, தையில முல்லை. மத்த ரெண்டையும் உன் வாப்பா வெட்டிட்டுத்தான் போனாங்க. முல்லைதான் பாக்கி. தை முடியப் போகுதே தம்பி."

எதைப் பிடுங்கி எறியலாம் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தபோது, எது கவாத்துக்குக் காத்திருக்கிறது என்று உம்மா எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

வாப்பாவின் அந்தக் கணக்கு வேளாண் துறையினர் கூறும் கணக்கோடு ஒத்துப்போகிறது என்பதைப் பின்னாளில் அறிந்தேன். குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்திலும், பிச்சியை டிசம்பர் கடைசி வாரத்திலும், முல்லையை ஜனவரி கடைசி வாரத்திலும் கவாத்து செய்ய வேண்டும். புதுக் கிளைகளில்தான் பூ வரும். உரிய நேரத்தில் வெட்டாவிட்டால் செடி இலையும் தண்டுமாக முற்றிப்போய், பூ குறைந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தவணை உண்டு. முந்தினாலும் பயனில்லை, பிந்தினாலும் பயனில்லை.

கத்தரியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். அங்கே நான்கு செடிகள் நின்றன. வாப்பா எதற்கும் பந்தல் போடாமல் எல்லாவற்றையும் புதராகவே வளர்த்திருந்தார்கள். அது குளிர் காலம். ஒன்றிலும் பூ இல்லை. கொடி போல் மெல்லிய தண்டுடன் தெரிந்த ஒன்றை முல்லை என்று நானே முடிவு செய்து வெட்டத் தொடங்கினேன். மூன்று கிளைகள் விழுந்த பிறகு, பின்வாசல் நிலைப்படியில் உம்மாவின் குரல் கேட்டது. அந்த மாதத்தில் அதுவரை அவர்கள் வந்த தொலைவு அந்த நிலைப்படிதான்.

"அது பிச்சி. போன மாசம் வெட்டின செடி. துளிர் வந்திருக்கு பாரு. அதையா வெட்டுற?"

பார்த்தேன். வெட்டுப்பட்ட பழைய தண்டுகளின் கணுக்களில் இளந்துளிர்கள் இருந்தன. அவற்றில் சிலவற்றை நான் கீழே வீழ்த்தியிருந்தேன்.

"பூவ வச்சு யாரும் அடையாளம் சொல்லிருவாங்க. பூ இல்லாத காலத்துல இலைதான் பேரு சொல்லும். ஒவ்வொண்ணா இலையப் பாத்துச் சொல்லு."

அன்று நிலைப்படியில் அமர்ந்தபடியே உம்மா கேட்க, நான் செடி செடியாகச் சென்று இலையைப் பார்த்துச் சொன்னேன். என் பெண்மக்கள் இருவரும் என்னுடன் சேர்ந்துகொண்டனர்.

முதற்செடியின் இலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே இருந்தன. ஒவ்வொன்றும் பிரிவில்லாத தனி இலை. அகலமாகவும் பளபளப்பாகவும் இருந்தது. அது குண்டுமல்லி. அதன் மொட்டு உருண்டு திரண்டிருக்கும். இதழ்கள் பல அடுக்காக இருந்தால் அதை அடுக்குமல்லி என்பார்கள்.

இரண்டாம் செடியும் தனி இலைதான். மல்லி என்றே சொன்னேன். "துளிரத் தடவிப் பாரு" என்றார்கள் உம்மா. இளந்தண்டில் பூனைக்குட்டியின் உடம்பில் இருப்பது போன்ற மென்மையான ரோமம் இருந்தது. அது காக்கடா. நட்சத்திரம் போல் வெண்மையாகப் பூக்கும்; பார்வைக்கு அழகு; ஆனால் மணம் இல்லையென்றே சொல்லலாம். பூக்காரர்கள் மற்றப் பூக்களுடன் சேர்த்துக் கட்டுவது இதைத்தான்.

மூன்றாவது, நான் வெட்டிய பிச்சி. ஒரு காம்பில் கறிவேப்பிலையைப் போல் இரு பக்கமும் சிற்றிலைகள்; நுனியில் ஒன்று. எண்ணினால் ஏழோ ஒன்பதோ வரும். இதன் நீண்ட மொட்டின் வெளிப்புறத்தில் இளஞ்சிவப்புச் சாயல் இருக்கும். நம் தென் மாவட்டங்களில் பிச்சி என்பதை வடக்கே சாதிமல்லி என்பார்கள். சங்கரன்கோவில் பூச்சந்தையில் பிச்சி என்று கேட்டு வாங்கியவர், வட மாவட்டத்துச் சந்தையில் சாதிமல்லி என்று கேட்க வேண்டியிருக்கும்.

நான்காம் செடியில் என் இளைய மகள்தான் கண்டுபிடித்தாள். "இதுக்குக் காது இருக்கு" என்றாள். நடுவில் ஒரு பெரிய இலை. அதன் அடியில் இரு பக்கமும் மிகச் சிறிய இரண்டு இலைகள். உண்மையிலேயே ஒரு முகத்தின் இரு காதுகளைப் போல. அதுதான் முல்லை. இதன் அறிவியற்பெயர் ஜாஸ்மினம் ஆரிக்குலாட்டம். ஆரிக்குலாட்டம் என்ற லத்தீன் சொல்லுக்குக் காதுகளை உடையது என்றே பொருள். குழந்தை கண்டதையே தாவரவியலாரும் கண்டிருக்கிறார்கள்.

அந்த முல்லையைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் வெட்டினேன். காய்ந்த குச்சிகளையும் நோய் கண்ட கிளைகளையும் நீக்கி, எஞ்சிய இலைகளை உருவி, வேரைச் சுற்றி மண்ணைக் கொத்தி மக்கிய சாணம் இட்டுத் தண்ணீர் விட்டேன். வேலை முடிந்தபோது செடி இருந்த இடத்தில் குச்சிகள்தான் நின்றன. "இது பிழைக்குமா?" என்று கேட்டேன். "பிழைக்கும். ஒவ்வொரு வருசமும் இப்படித்தான் நிக்கும்" என்றார்கள் உம்மா.

அதன் பிறகு செடிகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். என் அறியாமைக்கு ஓர் ஆறுதலும் கிடைத்தது. உலகத் தாவரங்களுக்கெல்லாம் ஒழுங்குமுறைப்படி பெயரிட்ட கார்ல் லின்னேயஸ், 1753இல் குண்டுமல்லியைப் பவளமல்லியின் பேரினத்தில் சேர்த்துவிட்டார். வில்லியம் எய்ட்டன் 1789இல் அதை எடுத்து உரிய இடத்தில் வைத்தார். நாம் மல்லி என்று பெயர் சொல்லி அழைப்பதெல்லாம் மல்லியும் அன்று. காம்பு பவள நிறமாயிருந்து விடியலில் உதிரும் பவளமல்லி வேறொரு பேரினம். பக்கத்து வீட்டில் நிற்கும் நந்தியாவட்டையோ முற்றிலும் வேறு குடும்பம். சந்தேகம் வந்தால் இலையைக் கிள்ளிப் பாருங்கள். நந்தியாவட்டையில் பால் வரும், மல்லிகையில் வராது.

மல்லிகைக்கு அறிவியலில் வழங்கும் ஜாஸ்மின் என்ற சொல், நம் வீட்டுப் பெண்மக்களுக்கு நாம் சூட்டும் யாஸ்மின் என்ற பெயர்தான். பாரசீகத்தில் பிறந்து அரபியின் வழியே ஐரோப்பாவுக்குச் சென்ற சொல். குண்டுமல்லியின் பெயரில் உள்ள சம்பக் என்பதும் ஸன்பக் என்னும் அரபுச் சொல்லின் திரிபே. இடைக்கால அரபுலகில் மல்லிகைத் தைலத்தை அப்பெயரால் அழைத்தனர். மேலும், மல்லிகையும் திருக்குர்ஆன் குறிப்பிடும் ஸைத்தூனும் தாவரவியலில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கொல்லையில் முப்பதாண்டு நின்ற செடிக்கு இத்தனை உறவினர்கள் இருப்பதை நான் அறியாமலே இருந்திருக்கிறேன்.

மார்ச் மாதத்தில் குச்சிகள் துளிர்த்தன. ரமளான் வந்தது. அந்த நோன்பு நாட்களில் மல்லி முதலில் பூத்தது, பிச்சியும் தொடர்ந்தது. ஸஹர் முடித்து ஃபஜ்ர் தொழுதபின் மொட்டுகளை நான் பறித்தேன். ஈரத்துணியில் பொதிந்து அதே மாடத்தில் வைத்தேன். அஸருக்குப் பின் உம்மா தொடுத்தார்கள். தொடுத்ததெல்லாம் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போயிற்று. "உங்களுக்குக் கஷ்டமா இல்லையா உம்மா?" என்று ஒரு நாள் கேட்டேன். "கை சும்மா இருந்தாத்தான் கஷ்டம்" என்றார்கள். ஏப்ரல் 22 அன்று நோன்புப் பெருநாள். வாப்பா இல்லாத முதல் பெருநாள். வீட்டுப் பெண்களின் தலையிலெல்லாம் பூ இருந்தது, உம்மாவின் தலையைத் தவிர.

மே மாதத்தின் மூன்றாம் வாரத்தில் இத்தா நிறைவடைந்தது. அன்று உறவுப் பெண்கள் கூடியிருந்தபோது, எங்கள் மஹல்லாவின் ஆலிமா ஒரு செய்தியை நினைவூட்டினார்கள். நபி (ஸல்) அவர்களின் துணைவியார் உம்மு ஹபீபா (ரலி) அவர்கள், தம் தந்தை அபூஸுஃப்யான் (ரலி) இறந்த செய்தி வந்த பின், மூன்றாம் நாளில் நறுமணத்தை வரவழைத்துப் பூசிக்கொண்டார்கள். அதில் தமக்கு நாட்டமில்லை என்பதைச் சொல்லிவிட்டே பூசினார்கள். மற்றவர்களுக்காக மூன்று நாட்களுக்கு மேலும், கணவருக்காக நான்கு மாதம் பத்து நாட்களுக்கு மேலும் ஒரு பெண் துக்கத்தின் அடையாளங்களைப் பூண்டிருக்கலாகாது என்று நபியவர்கள் சொல்லக் கேட்டிருந்ததே காரணம். இச்செய்தி புகாரியில் பதிவாகியிருக்கிறது. துக்கம் மூன்று நாளில் தீர்ந்துவிடும் என்பதன்று இதன் பொருள். உள்ளத்துத் துக்கத்துக்கு எவரும் தவணை வைக்க முடியாது. துக்கத்தின் கோலத்துக்குத்தான் மார்க்கம் ஓர் எல்லை வைத்திருக்கிறது.

ஆலிமாவின் சொற்களை அன்று எல்லாரும் தலையாட்டிக் கேட்டார்கள். ஆயினும், கேட்பது வேறு, ஏற்பது வேறு என்பது ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பின் வந்த ஒரு திருமணத்தில் தெரிந்தது.

உம்மாவின் தங்கை மகளுக்கு நிக்காஹ். புறப்படும் நேரத்தில் உம்மா அறையிலிருந்து வெளியே வந்தார்கள். வெளிர் நீலச் சேலை. தலையில் முக்காட்டுக்குள் ஒரு சாண் முல்லைச்சரம். வாப்பா வஃபாத்தான பின் நான் கவாத்து செய்த அதே முல்லை.

உண்மையை மறைக்காமல் சொல்கிறேன். எனக்குத் திக்கென்றது. ஊர் என்ன சொல்லும் என்றுதான் முதலில் தோன்றியது. பிறர் வீட்டு விதவைகளைப் பற்றி நான் தாராளமாகப் பேசியிருக்கிறேன். கைம்பெண் மறுமணம் நம் மார்க்கத்தின் பெருமை என்று மேடையில்கூடச் சொல்லியிருக்கிறேன். என் உம்மாவின் தலையில் ஒரு சாண் பூவைக் கண்டதும் அந்தப் பேச்செல்லாம் எங்கே போயிற்று? நான் ஒன்றும் சொல்லவில்லை. அது பெருந்தன்மையினால் அன்று, சொற்கள் வராததனால்.

நான் சொல்லாததை மண்டபத்தில் வாப்பாவின் அக்கா, என் மாமி, சொன்னார்கள். "மாப்பிள்ள மவுத்தாகி ஆறு மாசம் ஆகல. பூ ஒரு கேடா?"

பக்கத்தில் இருந்தவர்கள் அமைதியானார்கள். உம்மா கோபப்படவில்லை. குரலை உயர்த்தவுமில்லை. "அல்லாஹ் போட்ட கணக்கு நாலு மாசம் பத்து நாளு, மைனி. அதுல ஒரு நாளக்கூட நான் குறைக்கல. நாமளா எதுக்குக் கூட்டணும்?" என்றார்கள். சற்றுப் பொறுத்து, "இது அவங்க வச்ச செடி. அவங்க பறிச்சுத் தந்தப்ப வச்சேன். அவங்க பிள்ளை பறிச்சுத் தந்தாலும் வைப்பேன்" என்றார்கள்.

மாமி பதில் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து, மாமியின் கண்கள் நிறைந்திருந்ததைப் பார்த்தேன். அவர்கள் தம் முப்பத்தைந்தாம் வயதில் கணவரை இழந்தவர்கள். அன்றிலிருந்து வெள்ளைச் சேலையன்றி வேறொன்றையும் அவர்கள் உடுத்தி நான் கண்டதில்லை. அவர்கள் கேட்ட கேள்வி உம்மாவிடம் கேட்டது மட்டுமன்று என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. பல ஆண்டுகளுக்கு முன் அந்தக் கணக்கை அவர்களுக்கு யாராவது சரியாகச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த ஜூலையில் சாரல் காலத்தில் உம்மாவைக் குற்றாலத்துக்கு அழைத்துச் சென்றோம். மாமியும் வந்தார்கள். ஐந்தருவியில் கூட்டம் நிறைந்திருந்ததால் பெண்கள் குளிக்கவில்லை. சாரலில் நனைந்தபடி அருகிலிருந்த பூங்காவில் நடந்தார்கள். எங்கள் பிச்சியை வாப்பா பல ஆண்டுகளுக்கு முன் இதேபோன்ற ஒரு சாரல் நாளில் குற்றாலத்திலிருந்துதான் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் கொண்டுவந்தார்களாம். உம்மா அதை அன்றுதான் சொன்னார்கள்.

இந்த மலையடிவாரம் செடிகளை அடையாளம் காண வந்தவர்களுக்குப் பழகிய இடம். ஆங்கிலேயர் ஆட்சியில், 1830களில், ராபர்ட் வைட் என்னும் மருத்துவர் குற்றாலத்துக்கு வந்து தாவரங்களைச் சேகரித்தார். அவர் திரட்டிய தாவரங்களை இலை, பூ, காய் என்று பிரித்து வரைந்தவர்களுள் ரங்கையா என்னும் நம் நாட்டு ஓவியர் முதன்மையானவர். என் மக்கள் அன்று தங்கள் உம்மும்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு செடியின் இலையையும் தொட்டு, "இது தனி இலையா, கூட்டிலையா?" என்று கேட்டுக்கொண்டே நடந்தனர். பெயர் தெரியாதவற்றுக்கு உம்மா பெயர் சொல்லவில்லை. "தெரியல" என்று மட்டும் சொன்னார்கள். தெரியாததற்குப் பெயர் வைக்காமல் இருப்பதும் அவர்களிடம் நான் கற்ற பாடம்.

மல்லிகைக் குலத்துச் செடிகளை நட ஜூன் முதல் நவம்பர் வரை ஏற்ற காலம். குற்றாலத்திலிருந்து திரும்பியதும், முல்லையின் தாழ்ந்த கிளைகளை வளைத்து மண்ணில் பதியன் போட்டோம். வேர் பிடித்ததும் வெட்டித் தொட்டிகளில் வைத்தோம். ஒன்று மாமியின் வீட்டுக்குப் போயிற்று. அவர்களே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பூவைச் சூடுகிறார்களா என்று நான் கேட்டதில்லை. கேட்பது என் வேலையும் அன்று. செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று மட்டும் அறிவேன்.

இன்னொரு தொட்டியை உம்மா எங்கள் தெருவின் கடைசி வீட்டுக்கு எடுத்துச் சென்றார்கள். அந்த வீட்டில் ஓர் இளம்பெண் இத்தாவில் அமர்ந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. இத்தா வீட்டுக்குப் பூச்செடியா என்று நான் தயங்கினேன்.

"பூ கொண்டு போகல தம்பி. செடிதானே கொண்டு போறேன்" என்றார்கள் உம்மா. "இப்ப குச்சியாத்தான் நிக்கும். தண்ணி ஊத்த ஒரு வேலை இருக்கும் அந்தப் புள்ளைக்கு. அவ இத்தா முடியறதுக்குள்ள நல்லாத் துளிர்த்திரும்."

யா அல்லாஹ்! எங்கள் வாப்பாவின் பிழைகளைப் பொறுத்து, அவர்களுடைய கப்ரை விசாலமாக்கி, சுவனத்தின் நறுமணத்தை அவர்களுக்கு வழங்குவாயாக. துணையை இழந்து வாழும் எங்கள் பெண்மக்களுக்கு, நீ விதிக்காத சுமைகளை நாங்கள் ஏற்றாதிருக்க எங்களுக்கு நல்லறிவைத் தருவாயாக. ஆமீன்.